குத்தி வைத்த குளிர்காலம்

ரூலீன் பேருந்திலிருந்து இறங்கித் தூக்குப்பாலத்தின் மேல் ஏறி வந்து பார்த்தபோது, அக்கரையில் அவளுடைய தோட்டத்தைக் காணோம்.

அக்காவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. அதற்குத் துணையாக மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் ஒரு வாரம் இருந்துவிட்டு, அன்று மதியம்தான் தன் ஊரான ஓல்டர்மீடனுக்குத் திரும்பியிருந்தாள். அவள் போகும்போது கால்வாய்க் கரையில் காய்ந்த செடிகள் மார்பளவு உயரத்துக்கு நின்றிருந்தன. பழுப்பு, கறுப்பு, வைக்கோல் நிறம், துரு நிறம். இப்போது அங்கே வெறும் மண். அறுவடை முடிந்த வயல்போல நான்கு விரல் உயரத்துக்குத் தாள்கள். விழுந்து கிடந்த சருகுகளைக்கூட யாரோ சுத்தமாகப் பெருக்கி எடுத்திருந்தார்கள்.

நடுவில் லுப்போ நின்றிருந்தான். ஒரு கையில் வேலிச்செடி வெட்டும் இயந்திரம். முகத்தில் காதுவரை சிரிப்பு.

"வந்துட்டியா! அக்கா எப்படி இருக்காங்க? சரி, அதை விடு. இதைப் பாரு முதல்ல. கண்ணுல ஒத்திக்கலாம் போல இல்ல?"

ரூலீன் பையைக் கீழே வைத்தாள். வெறும் மண்ணை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

"மூச்சே நின்னுடுச்சா? எனக்குத் தெரியும்," என்றான் லுப்போ. "ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் போன்ல கூடச் சொல்லல."

லுப்போவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தூக்குப்பாலத்தை ஏற்றி இறக்குவது அவன் வேலை. படகு வந்தால் பாலத்தைத் தூக்குவான், போனதும் இறக்குவான். மற்ற நேரமெல்லாம் பாலத்து முனையில் இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து காபி குடிப்பான். அறுபதை நெருங்கிய ஒண்டிக்கட்டை. அவன் அறையில் கயிறுகள் நீளப்படி தொங்கும், கோப்பைகளின் பிடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். ரூலீன் தோட்டத்தில் வேலை செய்யும் நாட்களில் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு காபியோடு இறங்கி வருவான். சாக்கு தீர்ந்துபோனால் வானிலை அறிக்கையோடு வருவான்.

ரூலீனின் தொழில் தோட்டம் வடிவமைப்பது. கல் தளமும் நீரூற்றும் வளைவு வாசலும் வேண்டும் என்பவர்கள் வேறு ஆளைத் தேடிக்கொள்ள வேண்டும். அவளிடம் போனால் செடி, அதன் பக்கத்தில் இன்னொரு செடி, இரண்டுக்கும் பின்னால் புல், அவ்வளவுதான். எந்தச் செடி எதன் தோளில் சாயும், எது எதை அமுக்கிவிடும், வெயில் சாயும்போது எதன் வழியாக வெளிச்சம் வரும் என்றுதான் யோசிப்பாள். பூவின் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பாள். "பூ ரெண்டு வாரம் இருக்கும். மீதி வருஷம் பூரா நீங்க எதைப் பாக்கப் போறீங்க?" என்று கேட்பாள்.

ஊரின் பழைய பால் தொழிற்சாலையை இடித்தபின் கால்வாய்க் கரையில் ஒரு காலி மனை கிடந்தது. அதைத் தோட்டமாக்கித் தருகிறேன் என்று ரூலீன் ஊர்ச் சங்கத்தைக் கேட்டாள். "ரெண்டு வருஷம் பார்க்கலாம். புடிக்கலேன்னா புல்தரை போட்டு நடுவுல பெகோனியாப் பூச்செடி வச்சுடுவோம்" என்று சங்கத் தலைவி கெசீனா சொன்னாள். கெசீனா ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். யாரையும் முதலில் தலையிலிருந்துதான் பார்ப்பாள்.

கோடையில் எல்லோருக்கும் தோட்டம் பிடித்திருந்தது. சண்டை குளிர்காலத்தில் வந்தது. ரூலீன் எதையும் வெட்டவில்லை. எக்கினேசியாவின் இதழ்கள் உதிர்ந்து கறுப்புப் பொத்தான்களாக நின்றன. செடம் பழுப்புத் தட்டுகளாக விரிந்து கிடந்தது. ஃப்ளோமிஸின் தண்டில் உருண்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல இருந்தன. மொலினியா புல் புகை மாதிரி மெலிந்து ஆடியது. இதற்காகத்தான் அவள் அந்தச் செடிகளையே தேர்ந்தெடுத்திருந்தாள். ஊருக்கு அது புரியவில்லை. "சீவாத தலை மாதிரி இருக்கு," என்று ஒவ்வொரு வாடிக்கையாளர் காதிலும் கெசீனா ஓதினாள்.

இந்த நேரத்தில்தான் ஒரு நல்ல செய்தி வந்தது. மாகாணத்தில் பிப்ரவரி மாதம் குளிர்காலத் தோட்ட உலா என்று ஒன்று நடத்துவார்கள். எந்தெந்தத் தோட்டம் என்று தேர்ந்தெடுக்கும் பெரியவர் வாட்டர்போல்க், வரும் திங்கட்கிழமை ஓல்டர்மீடனுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் ஒப்புக்கொண்டால் வெளியூர்க்காரர்கள் திரண்டு வருவார்கள், ஊர்ச் சங்கமும் வாயை மூடிக்கொள்ளும். ரூலீன் ஊர் திரும்பிய அன்று வெள்ளிக்கிழமை.

"லுப்போ," என்றாள் ரூலீன் மெதுவாக. "ஏன்?"

அவள் குரலைக் கேட்டதும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏன்னா... பேக்கரியில எல்லாரும் பேசிக்கிட்டாங்க. பெரிய மனுஷர் வர்றாரு, இவ செத்த களையைக் காட்டி ஊர் மானத்தை வாங்கப் போறான்னு. எனக்குப் பொறுக்கல. நீ பாவம், அக்காவுக்காக ஊர்ல இல்ல. நானே பளிச்சுனு ஆக்கிடலாம்னு..."

"அவர் வர்றதே அந்தச் செத்த களையைப் பார்க்கத்தான், லுப்போ."

அவன் இயந்திரத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"சங்கக் கூட்டத்துல எல்லாம் சொன்னேனே. எதுக்கு வெட்டக்கூடாது, உறைபனி படிஞ்சா எப்படி இருக்கும்னு படம் போட்டுக் காட்டினேனே. முதல் வரிசையில உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டினியே!"

"ஆட்டினேன்," என்றான் லுப்போ. அவன் காது மடல்கள் சிவந்துவிட்டன. "நீ பேசினதை நான் கேக்கல. உன்னைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

வேறு ஒரு நாளாக இருந்தால் அந்தப் பேச்சு ரூலீன் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும். அன்று அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கதவைச் சாத்திவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடிக்கும் நேரத்தில், அந்த மனுஷன் சருகைக்கூடப் பெருக்கி வைத்திருந்தது நினைவுக்கு வந்து, அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்துவிட்டது.

வாட்டர்போல்க்கைத் தொலைபேசியில் அழைத்து வர வேண்டாம் என்று சொல்லப் பார்த்தாள். அவர் மனைவிதான் எடுத்தார். "அவர் ஃபிரீஸ்லாந்துல தோட்டம் தோட்டமா அலைஞ்சிட்டிருக்கார்மா. போன் வீட்டுலயே கிடக்கு. திங்கக்கிழமை நேரா அங்கதான் வருவார்," என்றார்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. லுப்போ.

"ஒண்ணு சொல்லணும். சொன்னா அடிக்க மாட்டியே?"

"சொல்லு."

"நான் எதையும் எரிக்கல. தூக்கியும் போடல. ஈஸ்டருக்கு ஊர் கூடி மூட்டற நெருப்புக்கு ஆகும்னு படகுக் கொட்டகையில அடுக்கி வச்சிருக்கேன். தார்ப்பாய் போட்டு."

"அதை வச்சு என்ன பண்றது?"

"திரும்பக் குத்திடலாம்."

ரூலீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குப் பைத்தியமா? வெட்டினதைக் குத்தி வச்சு அந்தப் பெரியவரை ஏமாத்தச் சொல்றியா?"

"ஏமாத்தறது என்ன? அதே தண்டு, அதே மண்ணு. நடுவுல ஒரு சின்ன வெட்டு. அவ்வளவுதானே?"

"போ லுப்போ. போய் உன் பாலத்தைப் பாரு."

அவன் போனான். ஆனால் அவன் சொன்னது போகவில்லை. ரூலீன் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். உள்ளே எக்கினேசியா தனிக் கட்டு, செடம் தனிக் கட்டு, புல் வகை வகையாகத் தனிக் கட்டு. எல்லாவற்றையும் கயிற்றால் ஒரே மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான். ஒரு தலைகூட நசுங்கவில்லை.

அவள் ஃப்ளோமிஸ் தண்டு ஒன்றை உருவிக் கையில் பிடித்துப் பார்த்தாள். அப்போதுதான் அந்த ஆசை வந்தது.

எந்தத் தோட்டக்காரருக்கும் கிடைக்காத வாய்ப்பு அது. வேரோடு இருக்கும் செடியை இடம் மாற்ற ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். மாற்றியது சரியா என்று பார்க்க இன்னும் ஒரு வருஷம். அவள் கையில் இருந்ததோ வேரில்லாத செடி. இங்கே குத்திப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அங்கே. ஒரு முழுக் குளிர்காலத்தையே மேசை மேல் பூச்சாடி வைப்பதுபோல வைத்து வைத்துப் பார்க்கலாம். இரண்டு வருஷமாக அவள் மனதில் ஒரு உறுத்தல் இருந்தது. தண்ணீர் ஓரத்தில் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. எது என்றுதான் பிடிபடவில்லை.

பாலத்து அறைக் கதவைத் தட்டினாள். "நாளைக்குக் காலையில வா. கடப்பாரை கொண்டு வா. ஆனா ஒண்ணு, அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடுவேன். இது அவருக்காக இல்ல, எனக்குப் பார்க்கணும்."

"நீ சொன்னா சரி," என்றான் லுப்போ. அவளை ஒரு கோப்பைக் காபி குடிக்க வைத்துத்தான் அனுப்பினான்.

சனிக்கிழமை வேலை தொடங்கியது. மேல்மண் குளிரில் இறுகிக் கிடந்தது. லுப்போ கடப்பாரையால் குழி போட, ரூலீன் தண்டை நிறுத்தி மண்ணை மிதித்தாள். பிறகு அவனையும் கொஞ்ச இடத்தில் தனியாகக் குத்தச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், எக்கினேசியா எல்லாம் வரிசையாக, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரே இடைவெளியில் விறைத்து நின்றன.

"என்னடா இது, பட்டாளமா?"

"அழகா இருக்கில்ல?"

"லுப்போ, காபிக்கடையில ஜனங்க எப்படி நிப்பாங்க? சிலது ஒட்டிக்கிட்டுக் கதை பேசும். ஒண்ணு ஓரமா ஒதுங்கி நிக்கும். ரெண்டு அப்பதான் உள்ளே வந்துட்டிருக்கும். அப்படி வை."

அவன் யோசித்தான். நான்கு தண்டுகளைப் பிடுங்கிச் சேர்த்து வைத்தான். ஒன்றைத் தள்ளி வைத்தான். "இது நான்," என்றான்.

பத்து மணிக்கு மேல் ஊர் வரத் தொடங்கியது. முதலில் வந்தவன் ஆடு வளர்க்கும் பேரெண்ட். வேலியில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"ரூலீன், தப்பா நினைக்காதே. செத்துப்போனதை ஏன் நடுறீங்க?"

"தண்ணி ஊத்த வேண்டாம் பாரு, அதுக்குத்தான்," என்றான் லுப்போ.

"முளைக்குமா?"

"உன் தலையில முடி முளைக்கிற அன்னைக்கு முளைக்கும்."

பேரெண்ட் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தான். போய்விடுவான் என்று நினைத்தால், வேலியைத் தாண்டி உள்ளே வந்து ஒரு கட்டைப் பிரித்தான். மதியத்துக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. சிரிக்க வந்தவர்கள்தான் எல்லோரும். சிரித்து முடித்ததும் கை சும்மா இருக்குமா? பேக்கரிக்காரர் மனைவி வந்தாள், பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார், கூடவே அவருடைய மாமியாரும் வந்தார். ஆளுக்கொரு கட்டு.

கெசீனா கடைசியாக வந்தாள், பெரிய பாத்திரம் நிறையப் பட்டாணிச் சூப்போடு. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நான் ஒண்ணும் உதவிக்கு வரல. குளிர்ல யாராவது விழுந்து செத்தா சங்கத்துக்குத்தான் கெட்ட பேரு. அதனால சூப்பு கொண்டு வந்தேன்."

"சந்தோஷம் கெசீனா. குடிச்சுட்டுப் போங்க," என்றாள் ரூலீன்.

கெசீனா குடித்தாள். போகவில்லை. குடித்துக்கொண்டே பார்த்தாள். "அந்தப் பக்கம் ஏன் அவ்வளவு அடர்த்தி? கழுத்துக்கிட்ட கனமா விட்டா முகமே தெரியாது."

"எந்தப் பக்கம்?"

"அந்த உருண்டை உருண்டையா நிக்குதே, தண்ணி ஓரமா. இங்கிருந்து சரியாத் தெரியல. இரு, மேல போய்ப் பார்க்கறேன்."

பாலத்து அறைக்கு ஏறிப் போனாள். அந்த அறையில் படகுக்காரர்களுக்குச் சொல்வதற்காக ஓர் ஒலிபெருக்கி உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று கெசீனாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

"ஹலோ! கேக்குதா? ரூலீன், அந்த உருண்டையெல்லாம் எடு! பின்னால தண்ணி இருக்கறதே தெரியல! எடுத்துட்டு அந்த மெல்லிசுப் புல்லை வை! முடியை இழை இழையாப் பிரிச்ச மாதிரி! லுப்போ, நீ குனிஞ்சு நின்னா எனக்கு உன் பின்பக்கம்தான் தெரியுது, நகரு!"

கால்வாயின் இரண்டு கரையும் சிரித்தது. ரூலீன் மட்டும் சிரிக்கவில்லை. ஃப்ளோமிஸ் கூட்டத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். பிறகு வேகவேகமாகத் தண்டுகளைப் பிடுங்கத் தொடங்கினாள். அந்த இடத்தில் மொலினியா புல்லை மெலிதாக, சிறு சிறு கொத்தாகக் குத்தினாள். ஓர் ஓரத்தில் ஒன்றுமே வைக்காமல் விட்டாள். எழுந்து நின்று பார்த்தபோது, புல்லுக்குள்ளே கால்வாய் மின்னியது. அவளை இரண்டு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்த அடைப்பு திறந்துவிட்டது.

"கெசீனா!" என்று கத்தினாள். "நீங்க சொன்னது சரி!"

"தெரியும்!" என்றது ஒலிபெருக்கி.

பிடுங்கிய ஃப்ளோமிஸை எங்கே வைப்பது என்பதில் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தகராறு. தேவாலயம் முடிந்து நேராக எல்லோரும் அங்கேதான் வந்தார்கள். செங்கல் சுவர் ஓரமாக வை என்றார் ஆசிரியர். பாதை ஓரமாக வைத்தால் குழந்தைகள் தொட்டுப் பார்க்கும் என்றாள் பேக்கரிக்காரர் மனைவி. ரூலீன் எல்லா இடத்திலும் வைத்துக் காட்டினாள். வைத்துவிட்டு, "இப்ப கண்ணை மூடித் திறங்க. முதல்ல எது தெரியுது?" என்று கேட்டாள். கடைசியில் சுவர் ஓரம் ஜெயித்தது. செங்கல்லின் சிவப்பின் மேல் கறுப்பு உருண்டைகள் எழுத்துபோல நின்றன. ஆசிரியர் அன்று பூராவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

திங்கட்கிழமை காலை ரூலீன் ஜன்னலைத் திறந்தால் ஊர் வெள்ளையாக இருந்தது. பனிமூட்டம் உறைந்து ஒவ்வொரு தண்டிலும், ஒவ்வொரு தட்டிலும், புல்லின் ஒவ்வொரு நரம்பிலும் படிந்திருந்தது. அவள் தோட்டத்துக்குப் போனபோது ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள். பேரெண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"இதைத்தான் படம் போட்டுக் காட்டினியா?" என்று லுப்போ மெதுவாகக் கேட்டான்.

"இதைத்தான்."

வாட்டர்போல்க் பத்தரைக்கு வந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். மூக்கு நுனி சிவந்திருந்தது. யாருக்கும் கை கொடுக்காமல் நேராகத் தோட்டத்துக்குள் போனார். போனவர் திரும்பி வரவே இல்லை. ஓரிடத்தில் குனிவார், ஓரிடத்தில் பின்னுக்கு நகர்வார், தண்ணீர் ஓரத்தில் போய் நெடுநேரம் நின்றார். வெளியே ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

ரூலீன் அவரை நோக்கிப் போகத் திரும்பியதும் கெசீனா அவள் கையைப் பிடித்தாள். "சொல்லத்தான் போறியா?"

"சொல்லிடறேன்னுதானே ஆரம்பத்துலேயே சொன்னேன்."

"நல்லா யோசிச்சுக்கோ. மனுஷர் மயங்கிப் போயிருக்கார்."

"அதனாலதான் சொல்லணும்."

வாட்டர்போல்க் அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரித்தார். "நான் ரொம்ப வருஷமா தோட்டம் பார்க்கறேன்மா. குளிர்காலத்தை இவ்வளவு தெளிவா யாரும் எழுதிப் பார்த்ததில்ல. எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தியிருக்கீங்க. இந்தத் தண்ணி ஓரத்து இடைவெளி இருக்கே..."

"வாட்டர்போல்க் ஐயா, இது எல்லாம் குத்தி வச்சது."

"ஆமாம்மா, நடறதுன்னாலே குத்தி வைக்கிறதுதானே."

"அப்படி இல்ல. பாருங்க." பக்கத்தில் இருந்த எக்கினேசியாவைப் பிடித்து இழுத்தாள். அது சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் வேரில்லை, சாய்வாக வெட்டிய நுனிதான் இருந்தது.

பெரியவர் அந்த நுனியைப் பார்த்தார். தானே ஒரு தண்டை இழுத்தார். அதுவும் வந்தது. இன்னொன்று. பிறகு மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டு, திருடிவிட்ட ஆள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். அவசரமாக ஒன்றைத் திரும்பக் குத்தினார். அது கோணிக்கொண்டு விழுந்தது.

லுப்போ ஓடிவந்து முழங்காலிட்டான். "அப்படி இல்லைங்க. கொஞ்சம் ஆழமா விட்டு, இந்தப் பக்கம் லேசாச் சாய்க்கணும். இது ஓரமா ஒதுங்கி நிக்கிற ஆளு." மண்ணை அமுக்கியபடியே நிமிர்ந்து பார்த்தான். "தப்பு என்னோடதுங்க. நல்லது பண்றதா நினைச்சு எல்லாத்தையும் நான்தான் வெட்டினேன். அவங்க ஊர்ல இல்லாதப்ப."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். பெருக்கியும் வச்சேன்."

வாட்டர்போல்க்கின் தோள்கள் குலுங்கின. முதலில் அவர் இருமுகிறார் என்றுதான் ரூலீன் நினைத்தாள். சிரிக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். வேலிக்கு வெளியே நின்ற ஊருக்கும் அது தொற்றிக்கொண்டது.

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னது நல்ல செய்தி அல்ல. "இந்த வருஷம் உலாவுல இதைச் சேர்க்க முடியாதும்மா. ஒரு பெருங்காத்து அடிச்சா எல்லாம் படுத்துக்கும். ஜனங்க பஸ் ஏறி வந்து வெறும் மண்ணைப் பார்த்துட்டு என்னைத்தான் ஏசுவாங்க."

"தெரியும்," என்றாள் ரூலீன். தெரிந்ததுதான். ஆனாலும் திரும்பித் தண்ணீர் ஓரத்தைப் பார்த்தாள்.

"அந்த இடைவெளி, முன்னாடியே இருந்ததா?"

"இல்ல. சனிக்கிழமைதான் கண்டுபிடிச்சோம். அந்த அம்மா, பாலத்து மேல நின்னு."

"வேரோட வைக்கும்போது அதை விட்டுடாதீங்க," என்றார். "அடுத்த ஜனவரியில நானே வர்றேன். யாரும் கூப்பிடாட்டியும் வர்றேன்." பிறகு மூக்கை உறிஞ்சி, "இது பட்டாணிச் சூப்பு வாசனைதானே?" என்று கேட்டார்.

கெசீனா அன்றும் கொண்டு வந்திருந்த பாத்திரத்திலிருந்து அவருக்கு இரண்டு தட்டு ஊற்றினாள். குடிக்கும்போதே அவர் பின்னந்தலையை நோட்டம் விட்டு, "இதை யாருங்க வெட்டினாங்க?" என்று விசாரித்து, கடைக்கு அழைத்துப் போய் முடி வெட்டித்தான் அனுப்பினாள்.

இரண்டு நாளில் கடல் பக்கமிருந்து காற்று வந்தது. பெரியவர் சொன்னபடியே எல்லாம் படுத்துக்கொண்டது. யாரும் கூப்பிடாமலேயே ஊர் வந்து பொறுக்கி எடுத்தது. வியாழக்கிழமை சங்கக் கூட்டம். புல்தரை பற்றிய பேச்சு வந்ததும் ஆசிரியர் எழுந்து நின்றார். "என் உருண்டைங்க சுவரோரம் இருக்கணும். அதுக்கு மேல எனக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்ல." பேரெண்டும் எழுந்து தான் குத்தி வைத்த செடம் தட்டுகளைப் பற்றிப் பேசினான். பேக்கரிக்காரர் மனைவிக்கு இன்னும் பாதை ஓரம்தான் சரி என்று தோன்றியது. அதற்காகவே ஒரு தனிக் கூட்டம் போட வேண்டும் என்றாள். புல்தரைக்கு யாருமே கை தூக்கவில்லை. கெசீனா மேசையைத் தட்டினாள்.

"பெகோனியாவை என் கடை வாசல்லேயே வச்சுக்கறேன். அடுத்தது என்ன?"

வாட்டர்போல்க் அடுத்த ஜனவரியில் வந்ததும், தோட்டத்தை உலாவில் சேர்த்துக்கொண்டதும், பிப்ரவரியில் பஸ்கள் வந்து பாலத்தடியில் நெரிசலானதும் எல்லாம் பின்னால் நடந்தவை. அதற்கு முன் மார்ச்சில் தாள்களின் அடியிலிருந்து சிவப்பும் பச்சையுமாகத் தளிர்கள் வந்தன. ரூலீன் ஃப்ளோமிஸை வேரோடு பெயர்த்துச் சுவர் ஓரம் கொண்டுபோனாள். தோண்டியது லுப்போ. மண்வெட்டியை எடுத்தவன் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பான், அவள் தலையசைத்த பிறகுதான் மண்ணைத் தொடுவான். கத்தரிக்கோலைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

தண்ணீர் ஓரத்துக்கு மொலினியா போதவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் இருவரும் லுப்போவின் பழைய வண்டியில் ட்ரெந்த மாகாணத்தில் இருக்கும் நாற்றுப் பண்ணைக்குப் போனார்கள். போகிற வழியெல்லாம், அவன் பார்த்து வைத்திருந்த ஏதோ ஒரு ஆரஞ்சு நிறப் பூவுக்காக வாதாடினான். அது தண்ணீர் ஓரத்தில் இரண்டே மாதத்தில் அழுகிப்போகும் என்றாள் அவள். அப்படியென்றால் என் அறை வாசலில் தொட்டியில் வைக்கிறேன் என்றான் அவன். தொட்டி வேண்டுமானால் உன் இஷ்டம் என்று விட்டுவிட்டாள்.

பண்ணையில் ரூலீன் புல் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வேரைப் பார்த்துப் பொறுக்கினாள். லுப்போ பின்னால் இரண்டு கையிலும் தட்டைச் சுமந்துகொண்டு நடந்தான். பண்ணைக்காரப் பெண் அவர்களைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"பொறுமையான மனுஷன். உங்க வீட்டுக்காரரா?"

ரூலீன் ஒரு தொட்டியைத் தட்டில் வைத்தாள். இன்னொன்றை எடுத்து அடியைப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல," என்றாள்.

பின்னால் தட்டு ஆடியது. ஒரு தொட்டி கீழே விழுந்து மண் சிதறியது. லுப்போ குனிந்து அதைப் பொறுக்கத் தொடங்கினான், வெகுநேரம் நிமிரவே இல்லை. சிவந்துபோன அவன் காது மடல்கள் மட்டும் அவளுக்குத் தெரிந்தன.